குஞ்சம்மாவின் வலது குதிகால்

மாரியாத்தா இறங்கி வந்து தண்டல் நாகமுத்துவை அடித்துப் போட்டாள் என்று மலாக்கா மெர்லிமாவ் பக்கத்தில் இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆத்தா மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. பால்குடம் எடுத்திருக்கிறேன், தீ மிதித்திருக்கிறேன். ஆனால் ஒருத்தி தன் காலை மண்ணில் ஊன்றி, தன் இடுப்பைத் திருப்பி, தன் கையால் போட்ட குத்தைத் தூக்கிக் கொண்டுபோய்க் கோயிலில் வைத்துவிட்டால், அவள் யார்? வெறும் வாகனமா? நான் ஜானகி. அன்றைக்கு வரிசையில் குஞ்சம்மாவுக்கு நேர் பின்னால் நின்றவள். மற்றவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவள் காலைப் பார்த்தேன். ஆகையால் இதைச் சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு.

குஞ்சம்மா எங்கள் ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். காட்டில் எனக்கு அடுத்த நிரை, லயத்தில் எனக்கு அடுத்த வீடு. பிறந்தது கோலா சுங்கை பாரு பக்கத்துத் தோட்டத்தில். ஜப்பான்காரன் காலத்தில் அவள் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள். மனுஷன் திரும்பவில்லை. அம்மாவைக் காய்ச்சல் கொண்டுபோனது. ஆள் ஒல்லி, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். ஆனால் காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளி நிறைந்து தொங்க, ஸ்டோர் வரைக்கும் ஒரு சொட்டு சிந்தாமல் போவாள். வாய் மட்டும் வெடுக் வெடுக்கென்று இருக்கும். அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டு மீண்டவர்கள் குறைவு.

அவள் புருஷன் மருதமுத்து அண்ணன் குத்துச்சண்டைக்காரர். சிரிக்காதீர்கள், நிஜமாகவே சண்டைக்காரர்தான். மலாக்கா டவுனில் அப்போது ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் கயிறு கட்டிய மேடையில் ஆட்களை மோதவிடுவார்கள். அங்கே இவருக்கு 'மெர்லிமாவ் புலி' என்று பெயர். புலி பெரும்பாலும் முகம் வீங்கித்தான் பஸ்ஸில் வீடு திரும்பும். பயிற்சிக்கு லயத்தின் பின்னால் இருந்த நங்கா என்கிற பலா மரத்தில் ஒரு கோணிச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். உள்ளே மணலும் பழைய துணியும். அவசரகால ஊரடங்கு நேரத்துக்கு முன்னால், சாயங்கால வெளிச்சத்தில், அவர் ஒரு பக்கம் நின்று குத்துவார். சாக்கு ஆடி ஓடிவிடாமல் இருக்க மறுபக்கம் குஞ்சம்மா அதைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

எல்லாம் அங்கேதான் தொடங்கியது. அவர் குத்தக் குத்த, சாக்குக்குப் பின்னாலிருந்து இவள் கணக்குச் சொல்வாள்.

"இது கை. இது கை. இதுவும் கை. ஆங், இது கால்!"

"சாக்குக்கு அந்தப் பக்கம் நிக்கிறவளுக்கு என்னா தெரியும்?" என்று அண்ணன் சீறுவார்.

"வாங்குறவளுக்குத்தாங்க தெரியும். குத்துறவருக்கு என்னா தெரியும்? வெறுங்கையால குத்துனா சாக்கு ஆடுது. கால்லேர்ந்து வந்தா சாக்கு ஆடல, என் நெஞ்சுக்கூடு அதிருது."

அவருக்குக் கோபம் வந்தால் போதும், எல்லாக் குத்தும் கையாகிவிடும். பல்லைக் கடித்து, தோளைத் தூக்கி, முஷ்டியை இறுக்கி மாங்கு மாங்கென்று குத்துவார். சத்தம் பலமாகக் கேட்கும். சாக்குக்குப் பின்னால் குஞ்சம்மா கொட்டாவி விடுவாள்.

ஒரு தடவை அவளும் நானும் பஸ் ஏறி அவர் சண்டையைப் பார்க்கப் போனோம். மணி அடித்ததிலிருந்து அண்ணன் எதிராளியைச் சுற்றிச் சுற்றி வலது பக்கமாகவே நகர்ந்துகொண்டிருந்தார். குஞ்சம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பாரு ஜானகி, பால்மரத்தைச் சுத்துறாரு!" உண்மைதான். நாங்கள் மரத்தின் இடது மேல்பக்கம் உளியை வைத்து, வலது கீழ்ப்பக்கம் இழுத்துக்கொண்டே நகர்கிறவர்கள். சிறு வயதிலிருந்து மரத்தைச் சுற்றிய கால், மேடையில் ஏறினாலும் அந்தப் பக்கமே போகிறது. அந்தப் பக்கம் எதிராளியின் இடது கை காத்துக்கொண்டிருந்தது. அண்ணன் தாமாகவே நடந்துபோய் அதை வாங்கிக்கொண்டு படுத்துவிட்டார். திரும்பும் வழியெல்லாம் குஞ்சம்மா அவர் கன்னத்தில் ஈரத் துண்டை ஒத்தி எடுத்தபடியே திட்டிக்கொண்டு வந்தாள்.

இன்னொரு நாள், அண்ணன் இல்லாத நேரம், என்னைச் சாக்கின் முன்னால் நிறுத்தினாள். "ஒண்ணு போடு, பாப்போம்." நான் போட்டேன். மணிக்கட்டு மடங்கி, உயிர் போய் உயிர் வந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தோளைத் தூக்காதடி. கையைத் தளர வுடு, ஈரத்துணி மாதிரி தொங்கட்டும்."

"அப்ப எதாலடி குத்துறது?"

"காண்டா தூக்கறப்ப எதால தூக்கற? தோளாலயா? கால்ல தரையை அமுக்கித்தானே எந்திரிக்கற? அதேதான் லா. இடது காலை முன்ன வை. வலது குதிகாலைத் தூக்கி வெளிய திருப்பு. அட்டையை மிதிச்சுத் தேய்ப்பியே, அந்த மாதிரி முன்பாதத்தை மண்ணுல தேய். குதிகால் திரும்புனா முட்டி திரும்பும். முட்டி திரும்புனா இடுப்பு வரும். இடுப்பு இழுத்தா தோளு வந்துதான் ஆவணும். கை கடைசியா வர்ற விருந்தாளி. அதை முன்னாலயே கூப்புடாத."

"விரலு?"

"போய்ப் படுற நேரத்துலதான் இறுக்கணும். முன்னாலயே இறுக்கிட்டா கை உலக்கையாயிரும், வேகம் வராது. மணிக்கட்டு நேரா இருக்கணும். முதல் ரெண்டு விரல் முட்டிதான் படணும். மூச்சை அடக்காத, உஸ்ஸுனு வெளிய வுடு. அப்புறம் சாக்குத் தோலோட நிறுத்திறாத. பின்னால நான் நிக்கிறேன்ல, என்னைக் குத்தறதா நெனச்சுக் குத்து."

மறுபடி போட்டேன். சாக்கு அதிகம் ஆடவில்லை. மறுபக்கம் அவள் "யம்மாடி" என்றாள். எனக்கு ஆனந்தமாக இருந்தது. என் உடம்பில் இப்படி ஒரு வழி ஓடுகிறது என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இனி தோட்டத்து வாசல் கேட்டுக்கு வருகிறேன்.

அவசரகாலச் சட்டம் வந்து லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி அரிசிகூட வெளியே கொண்டு போகக் கூடாது என்று உத்தரவு. விடிந்ததும் சீனி போடாத வெறுங்கோப்பியைக் குடித்துவிட்டுப் போய், மரம் வெட்டி, பாலைச் சேர்த்து, ஸ்டோரில் ஊற்றித் திரும்பிய பிறகுதான் சோறு. வயிறு காந்தும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாதது கேட்டில் நடந்த சோதனைதான். துப்பாக்கியோடு இரண்டு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் நிற்பார்கள். அவர்கள் எங்களைத் தொட மாட்டார்கள். தொட்டுத் தேடும் வேலையை, காட்டில் எங்களை வேலை வாங்கும் தண்டல் நாகமுத்துவிடம் விட்டிருந்தார்கள்.

ஆண்களை இரண்டு தட்டுத் தட்டி அனுப்பிவிடுவான். பெண்கள் வரிசை வந்துவிட்டால் அவனுக்கு அவசரமே இருக்காது. "சட்டைக்குள்ள அரிசி வெச்சிருப்பாளுங்க, எனக்குத் தெரியாதா?" என்பான். எவள் சட்டைக்குள்ளும் அவன் ஒரு மணி அரிசி கண்டதில்லை. ஆனாலும் தினம் தேடினான். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். எதிர்த்துப் பேசினால் காட்டுக்காரனுக்கு உளவு என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், லோரியில் ஏற்றிவிடுவார்கள். அந்தப் பயம்தான் அவனுக்குப் பலம்.

குஞ்சம்மா அவனிடமே நேராகச் சொல்லிப் பார்த்தாள். இளித்தான். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியிடம் போய், "பொம்பளைங்களைத் தேட ஒரு பொம்பளையைப் போடுங்கய்யா" என்று கேட்டாள். கிராணி கெட்டவர் இல்லை, பயந்தவர். "ஒருத்தியை கேட்டுல நிறுத்துனா அவ நிரையை யாரும்மா வெட்டுறது? தொரை ஒத்துக்க மாட்டாரு" என்று சொல்லிப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

மாரியம்மன் திருவிழா முடிந்து கொடி இறக்கிய வாரம் அது. அந்த வருஷம் குஞ்சம்மா தீச்சட்டி ஏந்தியிருந்தாள். கதை கட்டியவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

விடிந்தும் விடியாத வெளிச்சம். வரிசை நகர்ந்தது. அவள் முறை வந்தது. காண்டாவைத் தோளிலிருந்து இறக்கி, வாளிகளை ஓரமாக வைத்தாள். "வெளியால தேடுங்க," என்றாள். "உள்ள கை வேணாம்." நல்ல குரலில்தான் சொன்னாள். நாகமுத்து சிரித்துக்கொண்டே குனிந்து, அவள் சட்டையின் கீழ்ப்பக்கமாகக் கையை விட்டான்.

அவளுடைய இடது கால் கொஞ்சம் முன்னால் போனது. வலது குதிகால் செம்மண்ணை விட்டு எழும்பி வெளிப்பக்கம் திரும்பியது. வெறுங்கால், முன்பாதம் மண்ணில் தேய்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். பின்னங்கால் முட்டி உள்ளே வந்தது, இடுப்பு வெடுக்கென்று திரும்பியது, முதுகில் சட்டைத் துணி முறுக்கிக்கொண்டது. கை போனதை நான் பார்க்கவில்லை. உஸ்ஸென்று மூச்சுதான் கேட்டது. குனிந்திருந்ததால் அவன் தாடை சரியாக அவள் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. நாகமுத்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்த எடை இருப்பான். முட்டி மடங்கி, கும்பிடப் போகிறவன்போல உட்கார்ந்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான்.

இடுப்பைத் திருப்பிய வேகத்தில் அவள் தலைத்துணி நழுவி, முடி அவிழ்ந்து விழுந்துவிட்டது. அந்த மூச்சுச் சத்தம், அவிழ்ந்த முடி, போன வாரத் தீச்சட்டி. எங்கள் ஜனத்துக்கு வேறென்ன வேண்டும்! "ஆத்தா!" என்று ஒரு குரல் எழும்பியது. வரிசை முழுவதும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒருத்தி ஓடிப்போய் வேப்பிலை ஒடித்து வந்தாள், இன்னொருத்தி திருநீற்றை அள்ளி அவள் நெற்றியில் அப்பினாள். ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் துப்பாக்கியைத் தூக்குவதா, பூட்ஸைக் கழற்றுவதா என்று தெரியாமல் நின்றார்கள்.

குஞ்சம்மா திருநீற்றைத் துடைத்து எறிந்தாள். "எனக்கு ஒண்ணும் வரல! நான்தான் அடிச்சேன்!" என்று கத்தினாள். சாமி வந்தவர்களும் அப்படித்தான் கத்துவார்கள் என்று கூட்டம் இன்னும் பலமாகக் கும்பிட்டது.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். முதல் இரண்டு முட்டியில் மட்டும் லேசாகத் தோல் சிவந்திருந்தது. எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடைச் சண்டையில், குத்தத் தெரியாமல் குத்திச் சுண்டுவிரல் முட்டி உடையாத ஆம்பிளை ஒருவன் உண்டா? சாமி அடித்திருந்தால் இவ்வளவு சுத்தமாக மணிக்கட்டை நேராக வைத்து அடிக்க வேண்டிய அவசியம் என்ன?

நாகமுத்துவுக்கு ஒரு பல் போய், தாடை பூசணிக்காயாக வீங்கிவிட்டது. கண் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "ஆத்தா அடிச்சிருச்சு." பின்னே? பொம்பளை அடித்து விழுந்தான் என்று பேர் எடுப்பதற்கு, சாமி அடித்து விழுந்தான் என்பது எவ்வளவோ கௌரவம்.

மத்தியானம் பெரிய கிராணி லயத்துக்கே வந்துவிட்டார். "நல்லா கேட்டுக்கம்மா," என்றார். "காவல் வேலையில நின்னவனை அடிச்சிருக்க. தொரை போலீசுக்கு ஒரு போன் போட்டா உள்ள வெச்சிருவான், எப்ப வுடுவான்னு எவனுக்கும் தெரியாது. ஆனா சாமி விஷயம்னா தொரை தலையிட மாட்டாரு. நாகமுத்துவே ஆத்தான்னு சொல்லிட்டான். சாயங்காலம் ஆபீசுக்கு வந்து நீயும் ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. முடிஞ்சுது லா."

அவர் போனதும் மருதமுத்து அண்ணன் அவள் முன்னால் உட்கார்ந்தார். நான் அடுத்த வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சொல்லிடு குஞ்சு. ஒரே வார்த்தை."

"மாட்டேன்."

"வீடு போயிரும். எங்க போவோம்? உன்னைய உள்ள போட்டா நான் என்னா செய்வேன்?"

அவள் சிவந்த விரல் முட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "சாமி அடிச்சா ஏன்னு எவனும் கேக்க மாட்டான். கும்புட்டுட்டுப் போயிருவான். நாளைக்கு வெடிஞ்சா அதே கை அதே எடத்துல நிக்கும். நான் அடிச்சேன்னு சொன்னாத்தான் ஏன் அடிச்சன்னு கேப்பான். அவன் கேக்கணுங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். 

சாயங்காலம் அவளை ஆபீசுக்குள் கூப்பிட்டார்கள். பெண்கள் எல்லோரும் வெளி வராந்தாவில் நின்றோம். அண்ணன் ஜன்னலோரம். உள்ளே பெரிய கிராணியும் மற்ற ஆபீஸ் ஆட்களும், நாகமுத்துவும். துரை வெள்ளைக்காரர், தோட்டத்துத் தமிழ் பேசுவார்.

"சாமி வந்திச்சா?"

"இல்லைங்க தொரை. நான்தான் அடிச்சேன்."

பெரிய கிராணி கண்ணை மூடிக்கொண்டார். துரை சிரித்துவிட்டார். "நீ? நாகமுத்து இவ்ளோ பெரிசு. பொய் சொல்லாதே. சாமியா, உன் புருஷனா?"

குஞ்சம்மாவுக்கு வந்ததே கோபம்! "காலைப் பாருங்க தொரை," என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தச் சிமெண்டுத் தரையில் நின்றாள். மெதுவாக, காற்றில், ஒவ்வொன்றாகக் காட்டினாள். "இங்கேர்ந்து கெளம்புது. இது திரும்புது. இடுப்பு வருது. தோளு. இப்பத்தான் கை." பிறகு ஒரு முறை வேகமாக. உஸ்ஸென்ற மூச்சில் மேசைமேல் இருந்த காகிதம் அசைந்தது. ஜன்னலோரம் நின்ற அண்ணன், "அதான், அதான்டி..." என்று தன்னை மறந்து சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துரை சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அடிச்சது?" என்று கேட்டார்.

அப்படிக் கேட்கவேண்டும் என்றுதானே அவள் வந்தாள். சொன்னாள். எந்தக் கை, எந்த இடம், எத்தனை மாதமாக என்று ஒரு வார்த்தையும் மென்று விழுங்காமல், ஆண்பிள்ளைகள் நிறைந்த அந்த அறையில் நிமிர்ந்து நின்று சொன்னாள். துரை வராந்தாப் பக்கம் திரும்பி, "வேற யாருக்கும் இப்படியா?" என்றார்.  புல்வெட்டுக் கும்பலில் இருந்த பெரியநாயகிதான் முதலில் வாய் திறந்தாள். "எனக்கும்தான் தொரை." அடுத்தது நான். அதற்கப்புறம் யார் சொன்னது, யார் சொல்லாதது என்று பிரிக்க முடியாதபடி வராந்தா முழுக்கச் சத்தம். நாகமுத்துவின் வீங்கிய தாடை ஒரு மூலையில் இன்னும் கொஞ்சம் தொங்கியது.

துரை தீர்ப்புச் சொன்னார். தண்டல் இனி கேட்டில் நிற்கக்கூடாது. பெண்களைத் தேட ஒரு பெண் நிற்பாள். போலீசுக்குப் போன் இல்லை. ஆனால் காவலில் நின்றவனை அடித்தவள் தோட்டத்தில் இருக்கக்கூடாது. அந்த வாரத்துக்குள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். கை நீட்டியவனுக்குப் புல்வெட்டு மேற்பார்வை, அவன் தண்டல் பட்டம் அப்படியே. கையைத் தடுத்தவளுக்கு வாசல்! இதை நியாயம் என்று சொல்லி ஒரு மனுஷன் நாற்காலியிலிருந்து எழுந்து போனான். 

குஞ்சம்மாவும் அண்ணனும் பாயா ரும்புட் பக்கம் போய் நிலைத்தார்கள். அண்ணன் லோரி ஓட்டினார். குஞ்சம்மா பசாரில் காய்கறி விற்றாள், அங்கேயும் அதே வாய்தானாம். ஆனால் நான் சொல்ல வந்தது அவர்கள் கிளம்பிய காலையைப் பற்றி.

அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். குஞ்சம்மா காண்டாக் கம்பில் ஒரு பக்கம் சட்டி பானை, மறுபக்கம் பாய் துணி மூட்டை என்று தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். நாங்கள் வேலைக்குப் போகும் வரிசையில் நின்றிருந்தோம். கேட்டில் புதிதாகப் போட்டிருந்த மீனம்மா நின்றாள். கல்யாணமாகி எங்கள் தோட்டத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவளும் அந்தக் கைக்குத் தப்பியவள் இல்லை. கேட்டைத் தாண்டுகிற யாராக இருந்தாலும் சோதனை உண்டு. மீனம்மா குஞ்சம்மாவைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றாள்.

"நீங்க போங்கக்கா. ஒங்களையும் நான் தேடணுமா?"

குஞ்சம்மா காண்டாவை இறக்கி வைத்தாள். இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றாள்.

"தேடு புள்ள. முழுசாத் தேடு. இதுக்குத்தானேடி நான் போறேன்."